கொடிக்குப் பின்னால்

ஷின்ஷூ, செப்டம்பர் 28

அன்புள்ள தெய்ஜி தம்பிக்கு,

நலம்தானே? உங்கள் அண்ணன் இல்லாத முதல் இலையுதிர்காலம். அவர் வெட்டவிடாமல் காத்த தோப்பில் கால் வைக்கவே கூசுகிறது. ஓக் மரத்தடியில் ரத்தம் தோய்ந்த விரல்கள் போல ஒரு காளான். பட்ட கிளையில் செத்தவர் காது போல வழவழப்பாக இன்னொன்று. மூங்கிலோரம் தலையில் பச்சைச் சளியோடு ஒன்று, ஈ மொய்க்க நிற்கிறது. அதன் வடிவத்தைக் கன்னியர் மடத்தில் படித்த நான் எழுத மாட்டேன்.

எல்லாவற்றையும்விட அருவருப்பு, துணிக்கொடிக்குப் பின்னால் கோணலாக நிற்கும் சிவப்புப் பைன் மரத்தின் கிழக்குப் பக்கம். தரை வெடித்துப் பழுப்பு மண்டைகள் முட்டிக்கொண்டு வருகின்றன. அவர் சந்தையில் காளான் வாங்கிவந்து கொல்லையில் சுடும்போது நான் ஜன்னலைச் சாத்துவேனே, அதே அழுக்குக் காலுறை நாற்றம். தோப்பு முழுக்கச் சுண்ணாம்பு கொட்டப்போகிறேன்.

அண்ணி,
ஃபுசாயே

நகோயா, அக்டோபர் 1

அன்புள்ள அண்ணிக்கு,

கும்பிட்டுக் கேட்கிறேன், சுண்ணாம்பு வேண்டாம். அது மட்சுதாகே, காளான்களிலேயே விலை உயர்ந்தது! அண்ணன் எந்தச் சந்தைக்கும் போகவில்லை. எங்கே பறிக்கிறார் என்று எத்தனை முறை கெஞ்சியிருக்கிறேன்! "போடா, பெத்த அம்மா கேட்டாலே சொல்லமாட்டேன், உனக்கா சொல்லப்போறேன்?" என்பார். அந்த இடத்தை யாரும் வாய்விட்டே சொல்வதில்லை. நீங்கள் திசையோடு எழுதித் தபாலில் போட்டுவிட்டீர்கள். சனிக்கிழமை வரட்டுமா?

தெய்ஜி

ஷின்ஷூ, அக்டோபர் 4

தம்பிக்கு,

வர வேண்டாம். முப்பது வருடம் என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறார். அதுவும் நான் தினமும் துணி காயப்போடும் இடத்தை வைத்து. தம்பியிடம் மறைத்தது இருக்கட்டும், நான் மனைவி. அந்தப் பச்சைச் சளியைவிட இது குமட்டுகிறது. சுண்ணாம்பு மூட்டைகள் வந்திறங்கிவிட்டன.

ஃபுசாயே

நகோயா, அக்டோபர் 6

அன்புள்ள அண்ணிக்கு,

கோபப்படாமல் இதை மட்டும் படியுங்கள். ஒருமுறை குடித்திருந்தபோது கேட்டேன்: "அண்ணிக்காவது தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா அன்னைக்கே அந்த இடத்தைத் தேய்ச்சுக் கழுவிடுவா. ஆனா காவல் காக்கறதே அவதான்டா. அவளைத் தாண்டி ஒருத்தன் அந்தப் பக்கம் கால் வச்சிடுவானா?"

அன்று எனக்குப் புரியவில்லை. அந்தக் கொடியை அங்கே கட்டிக் கொடுத்தது யார், அண்ணி?

தெய்ஜி

ஷின்ஷூ, அக்டோபர் 11

அன்புள்ள தெய்ஜி தம்பிக்கு,

மூட்டைகளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். பச்சைச் சளிக்காரனை நானே மண்வெட்டியால் வெட்டிப் புதைத்தேன். மறுநாள் இரண்டாக முளைத்திருக்கிறது. வெட்கம் கெட்ட பிறவி.

இத்துடன் ஒரு பெட்டி வரும். பெரணி இலை பரப்பி வைத்திருக்கிறேன். ரப்பர் கையுறை போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தொட்டேன். ஒன்றைச் சுட்டு அவர் படத்துக்கு முன்னால் வைத்தேன். வீடெல்லாம் நாற்றம். ஜன்னலைத் திறக்க மனம் வரவில்லை.

என் முதல் கடிதத்தை எரித்துவிடுங்கள். கொடிக்குப் பின்னால் ஒன்றும் கிடையாது. பெட்டியில் இருப்பது சந்தையில் வாங்கியது.

அண்ணி,
ஃபுசாயே