சந்தனம் வைத்த லேப்டாப்

அன்புள்ள சரசுவுக்கு, திருவண்ணாமலை லாட்ஜிலிருந்து சின்னசாமி. நான் கல்லுக்குண்டு போல இருக்கிறேன். உன் முழங்கால் வலி கம்மியாச்சா?

லாட்ஜ் முதலாளி புது லேப்டாப் வாங்கினார். அதைப் பழைய மானிட்டரோடு இணைக்கும் வேலை எனக்கு. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ்காரர்களே என்னைக் கேட்டுத்தான் கம்ப்யூட்டரைத் தொடுவார்கள். பூஜை போட்டு எல்லா ஓட்டைக்கும் நானே சந்தனம் வைத்தேன். மானிட்டர் ஒயர் சொருகும் ஓட்டையில் கொஞ்சம் ஜாஸ்தியாகிக் காய்ந்துவிட்டது. சனியன், ஒயர் நுழையவே மாட்டேன் என்கிறது.

"பெரிய ஸ்க்ரீன்ல படம் வரட்டும், அப்புறம் லீவு பாத்துக்கலாம், சின்னசாமி"னு முதலாளி சொல்லிவிட்டார். பௌர்ணமி முடிந்து நான் ஊருக்கு வருவது அதில்தான் தொங்குகிறது.

சந்தனத்தைச் சுரண்ட உன் கொண்டை ஊசி ஒன்று அனுப்பு. இங்கே கடையில் விற்பதெல்லாம் மட்டம். புதுசு வேண்டாம், தலையில் இருப்பதையே எடுத்து அனுப்பு. முதலாளி கூப்பிடுகிறார்.

சின்னசாமி