தெம்பனிஸ் கதவுக்கு வெளியே

இன்று சிங்கப்பூர் சிராங்கூன் சாலைக் கடையில் இஞ்சி டீ வாசம் வந்ததும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். ஏன் என்று உன்னிடம்தான் சொல்ல முடியும். நீயோ போய்ச் சேர்ந்துவிட்டாய்.

போலீஸ் இணையக் குற்றப் பிரிவில் நம் இருவருக்கும் ஒரே மேசை. அழைப்பு எந்த நாட்டிலிருந்து வந்தது, யாருடைய கணக்கு என்று நான் தேடிக்கொண்டிருப்பேன். "திரைக்கு இந்தப் பக்கம் ஒரு ஆள் நடுங்கிட்டு உட்கார்ந்திருக்கு, அத முதல்ல பாரு" என்று என் மடிக்கணினியை மூடிவிடுவாய். எரிச்சலாக வரும்.

ஜாலான் புசார் ஹோட்டல் நினைவிருக்கிறதா? போலிப் போலீஸ்காரன் ஒருவன் காணொளி அழைப்பிலேயே 'கைது' செய்து, கதவைத் திறக்கக்கூடாது என்று மிரட்டி, ஒரு பெரியவரை அறைக்குள் அடைத்து வைத்திருந்தான். நான் போலீஸ் அட்டையைக் காட்டிக் கத்தினேன். அட்டையை அவனும்தான் காட்டியிருந்தான். நீ என்னை ஒதுக்கிவிட்டு, "அங்கிள், டீ வாங்கிட்டு வந்திருக்கேன், ஆறிடப் போகுது" என்றாய். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. "போன்ல இருக்கிறவனால டீ வாங்கித் தர முடியாது லா" என்று சிரித்தாய்.

நீ போனபின், உன் நினைவாக அந்தக் கதையை விழிப்புணர்வுக் காணொளியாக்கினோம். நான்தான் பேசினேன். ஊரே பார்த்தது, பாராட்டியது.

போன வாரம் தெம்பனிஸ் வட்டாரத்து வீடொன்றில் அதே மாதிரி ஒரு 'கைது'. பூட்டிய அறைக்குள் ஒரு மருத்துவமனைத் தாதி. ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்திருப்பதாக எதிர் அடுக்குமாடி புளோக்கிலிருந்து சொன்னார்கள். அவளுடைய அம்மா கதவில் முட்டி முட்டி அழுதார். நான் டீயோடு நின்று உன்னைப் போலவே பேசிப் பார்த்தேன்.

"நீங்க டீ கொண்டு வருவீங்கன்னு போலீஸ் சார் போன்லயே சொல்லிட்டாரு" என்றாள் உள்ளிருந்து. "அம்மா குரலைக்கூட கம்ப்யூட்டர்ல செஞ்சிடுவீங்களாம்."

நம் காணொளியை இந்தப் போலிப் போலீஸ்காரனும் பார்த்திருக்கிறான். கதவை உடைத்து அவளை இழுத்துப் பிடித்தோம். உயிரோடு இருக்கிறாள்.

ஆனால் மருத்துவமனையில் என் குரலைக் கேட்டாலே போர்வைக்குள் சுருண்டுகொள்கிறாள். "போன்ல பேசின சாரைக் கூப்பிடும்மா, அவர்தான் என்னைக் காப்பாத்துவாரு" என்று அம்மாவிடம் கெஞ்சுகிறாள். அவனை எங்கே போய்த் தேடுவேன்? பிடித்தாலும் இவள் நம்புவாளா? பயமாக இருக்கிறது.

தினமும் வேலை முடிந்ததும் அவள் அறைக்கு வெளியே ஒரு நாற்காலியில் போய் உட்கார்கிறேன். நீ இருந்தால் அதைத்தான் செய்திருப்பாய். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் காத்திருப்பு மட்டும்தான். அவள் இன்னும் என் முகத்தைப் பார்க்கவில்லை.