ஒரு பிடி மண் மிச்சம்

மச்சான்,

இன்று காலை வேலைக்குப் போகும் வானின் கதவைத் திறந்ததும் முன் தட்டில் இருக்கும் யோகட் பேணியைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தேன். இந்த வருடத்தின் முதல் குளிர் இரவு இறங்கியிருந்தது. பேணிக்குள் இருந்த மண் கல்லாகிக் கிடந்தது, கவிழ்த்துத் தட்டியும் விழவில்லை. மத்தியானம் ரொக்ஸ்பரோப் பக்கத்து நம் மேட்டில் வேலை முடித்து வந்து பார்த்தபோது இளகி, ஓரத்தில் கொஞ்சம் நீர் விட்டிருந்தது. இந்த மண் எப்படி என்னிடம் வந்தது என்று உனக்குத் தெரிய வழியில்லை. சொல்கிறேன்.

மன்னார்க்காரன் உன்னையும் மட்டக்களப்பான் என்னையும் சேர்த்து, இந்தப் பனிநாட்டு நெடுஞ்சாலை ஓரத்து மண்மேடுகளைக் கண்காணிக்க அனுப்பியவனுக்கு நல்ல பகிடிக்குணம் இருந்திருக்க வேண்டும். உன் ஊரிலும் என் ஊரிலும் மேடு என்றால் குளக்கட்டுத்தான். கட்டு உடைவது மழைக்கு. அதனால் முதல் வருடம் பனி உருகிய காலத்தில் நாம் இருவரும் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றோம். "வானம் வெளிச்சுக் கிடக்கு மச்சான், இண்டைக்கு ஒண்டும் நடக்காது" என்று நான் சொன்னேன். நீயும் ஓமென்று தலையாட்டினாய். தேநீர் குடித்து முடிப்பதற்குள், நல்ல வெயிலில், மேட்டின் தோல் மட்டும் உரிந்ததுபோல் வழுக்கி வந்து பாதி வீதியை மூடியது. நம்மிடம் பிறகு விளக்கினார்கள். வெயிலுக்கு மேல்மண் இளகிவிடும், கீழ்மண் உறைந்தபடியே இருக்கும். உருகிய நீர் கீழே போக வழியில்லாமல் நடுவில் தேங்கி, மேல்மண்ணைக் கூழாக்கிவிடும். அதற்கு மழை ஒன்றும் தேவையில்லை.

அதன் பிறகு நாம் வானத்தை விட்டுவிட்டு மேட்டில் அடித்த முளைகளைப் பார்க்கப் பழகினோம். குளிர் வருமுன் மேட்டின் குறுக்கே நூல் பிடித்து, மரமுளைகளை ஒரே நேராக அடிப்போம். ஒரு முனையில் நீ, மறுமுனையில் நான். பனி போனதும் திரும்பிப் போனால் கோடு மெல்ல வளைந்திருக்கும். உறையும்போது மண் வீங்கி மேலே எழும், இளகும்போது எழுந்த இடத்திலேயே வந்து இருக்காது. நீ அதைப் பார்த்துவிட்டுச் சொல்வாய்: "எழும்பேக்கை நல்லாத்தான் எழும்புது. இருக்கேக்கைதான் கொஞ்சம் கீழை தள்ளி இருக்குது. எங்கட சீவியம் மாதிரி." அப்போது சிரித்தேன். இப்போது அந்தக் கோட்டைப் பார்க்கும்போது சிரிப்பு வருவதில்லை.

சாவைப் பற்றியும் நீ பகிடிதான் விட்டாய். உங்கள் தேவாலயப் பங்கின் கல்லறைத் தோட்டம் சின்னது, குளிர்காலத்தில் அங்கே குழி வெட்டுவதில்லை. "நீங்கள் எரிக்கிற ஆக்கள், குடுத்து வைச்சனீங்கள். நெருப்புக்கு விண்டரும் தெரியாது சமரும் தெரியாது. நான் விண்டரிலை போனா மண் இளகுமட்டும் காத்துக் கிடக்கோணும்" என்றாய். நீ சொல்லி வைத்ததுபோல் ஜனவரியில் போனாய். பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டுப் படிக்கட்டில், பனி வாரும் சவளைக் கையில் பிடித்தபடி, நெஞ்சு நின்றுவிட்டது.

பூசை முடிந்தது. மண் இளகும்வரை வைத்திருக்கும் அறைக்கு உன் பெட்டியை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். சனம் கோயில் வாசலில் கலைய மனமில்லாமல் நின்றது. ஒருவருக்கும் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. உன் மனைவி என்னிடம் வந்து, "மண் போடாமல் எப்பிடி அண்ணை வீட்டை போறது?" என்று கேட்டாள். முப்பத்தோராம் நாள் பூசையும் ஆனது, சோறும் கொடுத்தோம், நீ மட்டும் இன்னும் மண்ணுக்குள் போகவில்லை. மார்ச் பிறந்ததிலிருந்து அவள் அடிக்கடி அழைப்பாள்.

"அண்ணை, மண் இளகீட்டுதோ?"

"மேல இளகிட்டு, தங்கச்சி. கீழ இன்னும் இல்ல."

மேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டிய சொல்லை உன் மனைவிக்குச் சொல்ல வேண்டி வந்ததே என்று போனை வைத்துவிட்டு அழுவேன்.

கடைசியில் அடக்கத்துக்கு நாள் குறித்தார்கள், ஒரு வியாழன் காலை பத்து மணி. போகும் வழியில் நம் மேட்டை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று கறுப்புக் கோட்டோடு இறங்கினேன். நல்ல வெயில். முளைக்கோடு நடுவில் வில்லாக வளைந்திருந்தது. உச்சியில் கை நுழையும் அளவு வெடிப்பு. கீழே, நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் பாதையில் வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன, அதில் ஒரு பள்ளிக்கூட பஸ்ஸும் இருந்தது. போன் அடித்துவிட்டு, வானைக் குறுக்கே நிறுத்தி, வீதியை அடைக்க ஆட்கள் வரும்வரை கையைக் காட்டிக்கொண்டு நின்றேன். பாதையை மூடிச் சிறிது நேரத்தில் மேடு சரிந்து வந்தது. வெறும் தாரின் மேல்தான் விழுந்தது, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நீ இருந்திருந்தால் ஒருவன் நிற்க மற்றவன் போயிருக்கலாம். உனக்குக் குழி திறந்த அதே இளக்கம்தான் என்னை அங்கே மறித்து வைத்தது. அந்த இளக்கத்தின் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது குழியை மூடிவிட்டிருந்தார்கள். உன் மனைவி மட்டும் நின்றாள். என் சப்பாத்துச் சேற்றைப் பார்த்தாள். இந்தப் பேணியை நீட்டினாள். "மெஷின் தள்ளமுந்தி அள்ளி வைச்சனான். உங்கட பங்கு."

அன்று போடக் கை வரவில்லை. பிறகு இரண்டு தரம் போனேன், அப்போதும் வரவில்லை. போட்டுவிட்டால் முடிந்துவிடும் என்று பயம், வேறொன்றுமில்லை. போன கிழமை உன் வீட்டில் அதை அவளிடம் சொன்னேன். தேநீரை என் முன்னால் வைத்தாள்.

"வைச்சிருங்கோ அண்ணை. நாங்கள் எல்லாரும் போட்டு முடிச்சிட்டம். இன்னும் ஒராள் வரக் கிடக்கு எண்டு அவர் பாத்துக்கொண்டிருக்கட்டும்."

நாளைக்கு முளை அடிக்கத் தொடங்க வேண்டும். நூலின் மறுமுனையை ஒரு கட்டையில் கட்டிக்கொள்கிறேன். பேணி வானில் நீ வழக்கமாக இருந்து வரும் பக்கத்துத் தட்டில்தான் இருக்கிறது, நாளைக்கும் கூட வரும்.