தெளிக்காத உளுந்து

சிங்கப்பூரில் இருக்கும் என் மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

இந்த வருஷம் சம்பா அறுப்புக்கு முன் மேலவயலில் நிற்கிற நெல்லுக்கு ஊடே நான் உளுந்து விதை தெளிக்கவில்லை. ஊரார் உன்னிடம் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். உன் மனைவி பள்ளிக்கூடத்துப் பெண்களுக்குப் பேஸ்பால் பழக்க மைதானம் இல்லாமல் வயலைக் கேட்டாள், கொடுத்தேன். அறுப்பு முடிந்ததும் பிள்ளைகளே நெல்தாளைச் செதுக்கித் தரையைச் சமன் செய்தார்கள்.

"ஊரே சிரிக்குது, விட்டுடு" என்று அவளிடம் போனில் சொன்னாயாம். அன்றிலிருந்து உன் போன் வந்தால் அவள் அடுப்படிக்குப் போய்விடுகிறாள்.

அவள்மேல் எனக்கும் கோபம் உண்டு. கல்யாணமாகி வந்த வருஷம் நான் சுட்ட அதிரசத்தைப் பார்த்து, "இத பந்தா எறியலாம் அத்தை" என்று சிரித்தவள். மறப்பேனா?

ஆனால் முதல் ஆட்டத்தில் தோற்று அழுத பிள்ளைகளிடம், "அழுது முடிச்சிட்டு மட்டைய எடுங்கடி" என்றாள். அப்புறம் அவர்கள் தோற்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூரில் கடைசி ஆட்டம். பிள்ளைகளுக்கு அதிரசம் சுட்டுக்கொண்டு நானும் போகிறேன். எறிந்தால் எறியட்டும்.

உளுந்தை அடுத்த வருஷம் தெளித்துக்கொள்ளலாம். நீ சனிக்கிழமை போன் செய். நான் எடுக்கமாட்டேன், அவள்தான் எடுப்பாள். நல்லதாக நாலு வார்த்தை சொல். சொல்லாவிட்டால் அதிரசத்தோடு சேர்த்து அதையும் நான் மறக்கமாட்டேன்.

உன் அம்மா