முப்பத்தேழு வயதுக்காரன் ஒருவன்கூட இல்லை

21-11-1979, புதன்.

ஆயுள் கணக்குப் போடும் ஆக்சுவரிகளின் வருடாந்திரக் கூட்டத்துக்கு இந்தத் தடவை நிதிக்குக் கணக்குப் போடும் என்னை அனுப்ப மாட்டார்களாம். எங்கள் தோல் தொழிலாளர் மரண உதவி நிதியின் தலைவர் குப்புசாமி எல்லோர் முன்னாலும் கேட்டான்.

"அது பரீட்சை பாஸ் பண்ணவங்க கூடுற எடம் நைனா. போன வருஷம் போய் இன்னா கொண்டாந்தீங்க? நல்லா சாப்ட்டு வந்தீங்க, அவ்ளோதானே?"

எல்லோரும் சிரித்தார்கள்.

ஆமாம், சாப்பிட்டேன். மேடையில் பேசியது பாதி புரியவில்லை. ஆனால் சாப்பாட்டு வரிசையில் ஒரு கோயம்புத்தூர்க்காரர் எங்கள் ஆட்களின் வயது எழுதிய என் நோட்டை வாங்கிப் புரட்டினார். "ஏனுங்க, உங்காளுங்க அத்தனை பேருக்கும் முப்பது, முப்பத்தஞ்சு, நாப்பதுதானுங்களா? முப்பத்தேழு வயசுல ஒருத்தன்கூட இல்லீங்களா?"

வேலைக்குச் சேர்க்கும்போது மேஸ்திரி முகத்தைப் பார்த்துச் சொன்ன வயதுகள் அவை. பதினெட்டு வருடமாக அவற்றை நம்பித்தான் யாருக்கு எவ்வளவு சந்தா என்று கணக்குப் போட்டிருக்கிறேன். என்னைப் போலப் புத்தகம் வாங்கித் தானாகப் படித்தவனுக்கு இதை எடுத்துச் சொல்ல ஆம்பூரில் யார் இருக்கிறார்கள்?

ஊர் திரும்பிய பிறகு ஒவ்வொருவனையும் தனியாக விசாரித்தேன். பாதிப் பேர் எழுதியிருப்பதைவிடக் கிழவர்கள். நான் கணக்குப் போட்டதைவிடச் சீக்கிரம் சாவார்கள்; இப்படியே போனால் நிதி தாங்காது. கடைசியில் வந்து நிற்கும் விதவைக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது.

இன்று இதைத்தான் குப்புசாமியின் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என் பதினெட்டு வருடக் கணக்கும் தப்பென்று நானே ஒப்புக்கொண்டதாகும். அதனால் வாயை மூடிக்கொண்டு வந்தேன். அவன் சிரித்ததைவிட அதுதான் எரிகிறது.

நாளைக் காலை போய்ச் சொல்கிறேன். தப்பு என்னுடையது என்றே சொல்கிறேன். அதற்கும் சிரிக்கட்டும். கூட்டத்துக்கு நான்தான் போவேன்.