பதினெட்டு நிமிடம்

ஆடி வெள்ளி.

கம்ப்யூட்டரில் படித்துக்கொண்டே போகும் அந்தக் கதை விளையாட்டை, ‘வெறும் படம், வெறும் எழுத்து, கொட்டாவிதான் வருகிறது’ என்று திட்டியவர்களோடு இரண்டு மாதமாக மல்லுக்கட்டினோம், நானும் என்னோடு படித்த கோகிலாவும். முதல் மூன்று மணி நேரம் அதில் ஒரே நாள் திரும்பத் திரும்ப வரும். ஏன் என்பது அதற்குப் பிறகுதான் தெரியும். அதை விற்கும் தளத்தில் யார் விமர்சனம் எழுதினாலும், அவர் எவ்வளவு நேரம் விளையாடினார் என்பது பக்கத்திலேயே தெரியும். அதைக் காட்டித்தான் ஒவ்வொருவரையும் மடக்குவேன்.

இன்று நான் வேலை பார்க்கும் முட்டைக் கம்பெனி ஆபீசில் மதியம் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தால், ஒருவன் எனக்குப் பதில் போட்டிருக்கிறான்: ‘உங்க தோழியோட நேரத்தையும் பாருங்க.’

அவளுடையதை மட்டும் நான் பார்த்ததே இல்லை. பதினெட்டு நிமிடம். கடைசிக் காட்சியில் தேம்பி அழுததாக எழுதியிருக்கிறாள். மோகனூர் பஸ்ஸில் நான் அவளிடம் சொன்ன அதே வார்த்தைகள்.

போனில் கேட்டேன். சிரித்தாள்.

“நீ மொகம் வாடிக் கெடந்தியே சாமி, அதுக்குத்தான் எழுதுனேன். அத்தனையும் ஆரு உக்காந்து படிக்கறது?”

எனக்காகத்தான் எழுதியிருக்கிறாள். அதுதான் எரிகிறது. திட்டியவர்கள்கூட அவளைவிட அதிக நேரம் படித்திருக்கிறார்கள்.

‘முழுசாகப் படிக்காதவர்கள் இதைப் பற்றிப் பேச வேண்டாம்’ என்று போன வாரம் எழுதியிருந்தேன். அழித்துவிடலாம் என்று திறந்தேன். அதற்கு விழுந்திருந்த ஒரே லைக் கோகிலாவுடையது.