டெஸ்ஸி அத்தையின் ஆமா

கல்லன் கோவ்,
நியூஃபவுண்ட்லாந்து.
9 அக்டோபர் 1984

அன்புள்ள தம்பி அம்ப்ரோஸுக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. சாப்பிடுகிறாயா இல்லையா? டிவியில் கவுனும் பொய்முடியும் மாட்டிக்கொண்டு வந்தாலும், ஒட்டிப்போன கன்னம் என் கண்ணுக்குத் தப்புமா?

போனில் பேசலாம்தான். ஆனால் நம் தெருவுக்கே ஒரே கம்பி. நான் உன்னிடம் இருமினால் அடுத்த வீட்டில் மருந்து சொல்கிறார்கள். அதனால் கடிதம்.

ஞாயிறு சாயங்காலம் உன் நிகழ்ச்சியைப் பார்க்க ஊரே என் அடுப்படிக்கு வந்துவிட்டது. காற்று ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே இருந்தது. கடைக்கார போன்ஸ் கூரைமேல் ஏறி, "இப்ப வருதா? இப்ப வருதா?" என்று கத்த, உள்ளே இருந்து எல்லோரும், "வருது, வருது, அசையாம அப்படியே நில்லு!" என்றார்கள். பாவம், அரை மணி நேரமும் அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூரையிலேயே நின்றான். நாங்கள் சிரித்த சத்தம்தான் அவனுக்குக் கிடைத்தது.

உன் டெஸ்ஸி அத்தை பிரமாதம். சுத்தமான மேசையைத் துடைத்துக்கொண்டே பேசுவதும், கெட்டில் கொதிக்கவில்லை என்று அதோடு சண்டை போடுவதும்! "யாருகிட்டயும் சொல்லாதே" என்று தொடங்கி எல்லோரிடமும் சொல்கிறாளே, அதற்கு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடைசியில் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே ஒரு "ஆமா" சொன்னாய் பார், ஏதோ அந்த ஆமாவையே விழுங்குகிற மாதிரி, வீடே இடிந்து விழுந்தது.

ஆனாலும் தம்பி, அது பாதிரியார் வீட்டில் சமைக்கும் டின் அம்மாள்தான் என்று எனக்குத் தெரியாதா? பார்த்த உடனே கண்டுபிடித்துவிட்டேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்த்தாள். எனக்கு ஒரே தர்மசங்கடம். வயதான மனுஷி, கொஞ்சம் பார்த்துச் செய்.

ஜாம் போத்தல் ஒன்று லாரிக்காரனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். யாரிடமும் சொல்லாதே, போன்ஸ் இப்போதெல்லாம் மீன் வாங்கிவந்து சும்மா கொடுத்துவிட்டுப் போகிறான். அவன் மனைவி போய் மூன்று வருஷம் ஆகிறது.

உன் அன்பு அக்கா,
லொரெட்டா

*

டொரான்டோ
2 நவம்பர் 1984

என் அன்பு அக்காவுக்கு,

ஜாம் வந்தது, தீர்ந்தும் போனது. இரண்டும் ஒரே நாளில்.

டின் அம்மாள் கோபித்துக்கொண்டாளா என்ன? டெஸ்ஸி யாரோ ஒருத்தி இல்லை அக்கா. நம் கரைப்பக்கத்துப் பெண்கள் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் அவளுக்குள் இருக்கிறார்கள், அவ்வளவுதான். அதை விடு.

இங்கே தெருவில் போனால் டாக்ஸிக்காரர்கள் கண்ணாடியை இறக்கி, மூச்சை இழுத்து "ஆமா" சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஆறு வருஷம் மதுக்கடைகளில் அக்கார்டியன் வாசித்தேன், ஒருவன் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டுக்கு நடுவில் டெஸ்ஸி வாயைத் திறந்தாள், நாடே திரும்பிப் பார்க்கிறது. இப்போது அவள் தயவில் ஓர் இசைத்தட்டும் போடச் சொல்கிறார்கள். நம் அப்பா வாசித்த மெட்டுகள்தான். அதில் அந்தக் குதிரைவண்டி மெட்டுக்கு இரண்டாம் பாதி எனக்கு மறந்தே போய்விட்டது.

அக்கார்டியன் இல்லாத வீட்டுக் கல்யாணத்தில் நீ வாயாலேயே மெட்டுப் போட்டு எல்லோரையும் ஆடவைப்பாயே, அந்த மாதிரி பாடி அனுப்பு. கேசட் ரெக்கார்டர் ஒன்று இத்துடன் வருகிறது. சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அமுக்கு. பயப்படாதே, கடிக்காது.

உன் தம்பி,
அம்ப்ரோஸ்

*

கல்லன் கோவ்
30 நவம்பர் 1984

அம்ப்ரோஸுக்கு,

கேசட் வராது. காத்திருக்க வேண்டாம்.

நீ சொன்னபடி பொத்தானை அமுக்கிப் பாடினேன். சரியாகப் பதிந்திருக்கிறதா என்று போட்டுக் கேட்டேன். டெஸ்ஸி பேசினாள். உன் பழைய நிகழ்ச்சியை அழிக்காமல் அனுப்பிவிட்டாய் என்று நினைத்து, "கவனமே கிடையாது இந்தப் பயலுக்கு" என்று திட்டினேன். ஆனால் டெஸ்ஸி, "அம்ப்ரோஸ், இது ஓடுதா? ஆமா, சிவப்பா என்னமோ எரியுது" என்றாள். கெட்டிலை, "நீ கொஞ்சம் வாயை மூடு" என்று அதட்டினாள். பிறகு அப்பாவின் மெட்டைப் பாட ஆரம்பித்தாள்.

கோட்டைக்கூடப் போடாமல் போன்ஸ் கடைக்குப் போனேன்.

"போன்ஸ், டெஸ்ஸி யாரு?"

அவன் தராசைத் துடைத்தான். துடைத்த தராசையே மறுபடி துடைத்தான்.

"ஊருக்கே தெரியுமா?"

"தன் முதுகு தனக்குத் தெரியாது லொரெட்டா. உனக்கு வருத்தமா இருக்கும்னுதான் யாரும் வாயைத் திறக்கல."

"டின் அம்மாவுக்கு?"

"அவங்கதான் முதல்ல கண்டுபிடிச்சாங்க."

என் அடுப்படியில் உட்கார்ந்து, நான் போட்ட டீயைக் குடித்து, நான் சுட்ட ரொட்டியைத் தின்று, என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்திருக்கிறேனே, அதுதான் தாங்கவில்லை. அம்மா போனபோது உனக்கு ஐந்து வயது. அன்று முதல் உன்னோடு பேசிய குரல் இது. இது சிரிப்பாய்ச் சிரிக்கும் என்று எனக்குத் தெரியாது.

லொரெட்டா

*

டொரான்டோ
14 டிசம்பர் 1984

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தில் "அன்புள்ள" இல்லை. கையெழுத்துக்கு மேலே "அக்கா" இல்லை. நான் முதலில் தேடியது அந்த இரண்டையும்தான்.

டின் அம்மாள் என்று நீ நினைத்தபோது வசதியாக விட்டுவிட்டேன். அது பொய். மன்னித்துவிடு.

ஆனால் ஒன்று மட்டும் கேள். நான் இங்கே வந்த முதல் குளிர்காலம், துணி வெளுக்கும் கடைக்கு மேலே ஓர் அறை. பேச ஓர் ஆள் கிடையாது. டீ போடும்போது எனக்கு நானே, "கையைக் கழுவினியாடா? காலுறை ஈரமா இருக்கு பாரு, கழட்டு" என்று உன் குரலில் சொல்லிக்கொள்வேன். சொன்னால்தான் தூக்கம் வரும். அதை யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை, துறைமுகத்துக்குப் பக்கத்து மதுக்கடை. என் வாசிப்புப் பிடிக்காமல் ஒரு முரடன் கிளாஸை ஓங்கிக்கொண்டு மேடைக்கே வந்துவிட்டான். பயத்தில் மெட்டு மறந்துவிட்டது. வாயைத் திறந்தால் நீ வந்தாய்: "ஏண்டா, அது உடைஞ்சா யாரு பெருக்குவா? உங்கம்மாவா வரப்போறா?" அவன் கிளாஸை இறக்கினான். "இல்லைங்க" என்றான். கடை முழுக்கச் சிரித்தது. அன்றைக்குப் பிறகு மேடையில் நான் பயந்ததே இல்லை.

கேலி செய்ய எடுக்கவில்லை அக்கா. பயத்துக்கு எடுத்தேன். கேட்டு எடுத்திருக்க வேண்டும், கேட்கவில்லை. நீ ஒரு வார்த்தை சொல், டெஸ்ஸியை நிறுத்திவிடுகிறேன்.

உன் தம்பி (இன்னும் தம்பிதான் என்றால்),
அம்ப்ரோஸ்

*

கல்லன் கோவ்
11 பிப்ரவரி 1985

அம்ப்ரோஸுக்கு,

தம்பிதான். அதை மாற்ற யாரால் முடியும்?

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். அந்த அறை கண்ணைவிட்டுப் போகவில்லை. கோபம் பாதி போய்விட்டது. மீதிப் பாதி அசையமாட்டேன் என்கிறது, நான் என்ன செய்ய?

இப்போது வாயைத் திறக்குமுன் யோசிக்கிறேன். மீன் ஆலையில் என்னோடு வேலை செய்யும் பெண்கள் நான் எப்போது "ஆமா" சொல்வேன் என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அதனால் ரேடியோவில் செய்தி வாசிக்கிறவள் மாதிரி மூச்சை வெளியே விட்டு, "ஆம்" என்கிறேன். கெட்டிலோடுகூடப் பேச்சு இல்லை.

இன்னொன்று. போன வாரம் போன்ஸ் கடையைச் சாத்திவிட்டு வந்து, தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு, தன்னைக் கல்யாணம் செய்துகொள்ள முடியுமா என்று கேட்டான். இந்த வயதில்! எனக்கு விருப்பம்தான், மறைப்பானேன். "ஆம்" என்றேன்.

அவன் தொப்பியைப் பிசைவதை நிறுத்தினான்.

"இது யாரோட ஆமா, லொரெட்டா? ரேடியோக்காரி சொன்ன மாதிரி இருக்கு."

"ஆமான்னா ஆமாதான், அதுல என்ன வித்தியாசம்?"

"எனக்கு வித்தியாசம் தெரியும். பள்ளிக்கூடத்துலேர்ந்து கேட்டுக்கிட்டிருக்கேன். உன்னோடது வரட்டும், நான் இருக்கேன்."

மீனை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். சம்மதம் சொல்லியும் கல்யாணம் ஆகாதவள் இந்தக் கரையில் நான் ஒருத்திதான். எனக்கு அந்த ஆமா வரமாட்டேன் என்கிறது, தம்பி. கண்ணாடி முன் நின்றும் பார்த்தேன். வந்தது டெஸ்ஸியுடையதுதான்.

நிறுத்து என்று நான் சொல்லமாட்டேன், அது உன் பிழைப்பு. நடத்து என்று சொல்லவும் மனம் வரவில்லை.

அக்கா,
லொரெட்டா

*

டொரான்டோ
19 மார்ச் 1985

என் அன்பு அக்காவுக்கு,

நீ சொல்ல வேண்டாம். நானே சொல்லிவிட்டேன். ஏப்ரல் 21 ஞாயிறு டெஸ்ஸி இறந்துபோகிறாள். கௌரவமான சாவு. வலி கிடையாது. எழுதியது நான்தான்.

நிகழ்ச்சிக்காரர்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து, பொன்முட்டை இடும் வாத்தை எவனாவது அறுப்பானா என்று கேட்டார்கள். ஒருவர் நல்ல மனிதர், மெதுவாகத்தான் கேட்டார்: "அவ இல்லேன்னா உன்கிட்ட வேற என்னப்பா இருக்கு?"

இசைத்தட்டையும் கைவிட்டுவிட்டார்கள், அட்டையில் டெஸ்ஸி படம் போடுவதாக இருந்தார்கள். இனி பழைய மதுக்கடைகளுக்குத்தான் திரும்ப வேண்டும். அங்கே அம்ப்ரோஸ் என்று ஒருவன் பேசினால் யார் கேட்பார்கள்? எனக்குள் வேறு யாராவது இருக்கிறார்களா என்று தட்டிப் பார்க்கிறேன். கதவைத் திறக்க ஆளில்லை.

இதற்காக நீ வருத்தப்படக் கூடாது. போன்ஸிடம் உன் ஆமாவைக் கொடு. எனக்கு அது போதும்.

அம்ப்ரோஸ்

*

கல்லன் கோவ்
23 ஏப்ரல் 1985

என் அன்புள்ள தம்பி, கண்ணே அம்ப்ரோஸுக்கு,

நேற்று முழுக்க எழுத முடியவில்லை, வயிறு வலி. சிரித்துச் சிரித்து. விவரம் கேள்.

ஞாயிறு நான் தனியாகத்தான் பார்த்தேன். யாரையும் கூப்பிடவில்லை, யாரும் வரவும் துணியவில்லை. டெஸ்ஸி மேசையைத் துடைத்தபடி உட்கார்ந்து, அப்படியே கண்ணை மூடினாள். நான் அழவில்லை என்று சொன்னால் அது பொய். டிவியை அணைத்துவிட்டுத் திரும்பினால் கதவு தட்டுகிற சத்தம்.

டின் அம்மாள். கையில் பன்றித் தொடைக் கறி, துணி போட்டு மூடி. அவளுக்குப் பின்னால் மீன் ஆலைப் பெண்கள், கையில் ரொட்டியும் கேக்குமாக. அதற்குப் பின்னால் ஆண்கள், தலையில் தொப்பி இல்லாமல். துக்க வீட்டுக்கு வருகிற மாதிரி வந்து நிற்கிறார்கள், அம்ப்ரோஸ்! யாரும் கலந்து பேசிக்கொண்டு வரவில்லையாம். அவரவர் வீட்டில் டிவியை அணைத்தவுடன் கால் தானாக இங்கே வந்துவிட்டதாம்.

"யாரு செத்துட்டா இங்கே?" என்று கேட்டேன்.

டின் அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவம், எவ்வளவு நல்ல மனுஷி" என்று ஓவென்று அழுதாள். "எங்க பையன் படகு திரும்பாத அன்னைக்கி என்கூடவே உக்காந்து அடுப்பு அணையாம பார்த்துக்கிட்டாளே!"

"அது டெஸ்ஸி இல்ல, நானு!"

"தெரியும்டி. உன்னைத்தானே சொல்றேன்."

அப்புறம் ஆளுக்கு ஆள் ஆரம்பித்துவிட்டார்கள். யாருக்குப் பிரசவம் பார்த்தேன், யார் வீட்டுச் சண்டையை விலக்கினேன், எல்லாம். தன் துக்க வீட்டில் தானே டீ ஊற்றிக்கொண்டு, தன்னைப் பற்றி ஊர் என்ன சொல்கிறது என்று கேட்டவள் நானாகத்தான் இருப்பேன். அன்றைக்கு என் அடுப்படியில் சிரித்தார்களே, அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மீதிப் பாதிக் கோபமும் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஆனால் அழுகை ஓயவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "போதும், கொலைகாரனை ஒருத்தரும் கேட்கலையே?" என்று சொல்லி எழுந்தேன். உன் மாதிரி நடந்து காட்டினேன். போன கோடையில் நகரத்துச் சப்பாத்தோடு நம் பாறைமேல் ஈரக் கோழி மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடந்தாயே, அது. மோவாயைத் தூக்கி, வாக்கியத்துக்கு வாக்கியம், "உண்மையைச் சொல்லப்போனா" என்று சொல்வாயே, அது. பசியே இல்லாமல் ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே யாரோ பேசப்போகிறார்கள் என்பதுபோல நிற்பாயே, அதையும். வீடு இரண்டாகப் பிளந்துவிட்டது! டின் அம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டுக் கேட்டு மூன்று தடவை நடந்தேன். இப்போது உனக்கும் தெரியட்டும் எப்படி இருக்கும் என்று.

உனக்குள் யாரும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். முட்டாள்! நான் இருபது நிமிஷம் ஊரையே சிரிக்கவைத்தேனே, அது யாராம்? ஊரைவிட்டுப் போய், அக்கா செத்த சேதி கேட்டு, நகரத்துச் சப்பாத்தோடு திரும்பி வருகிற ஒரு தம்பிக்காரன். வீட்டைக் காலி செய்ய வந்து, அவளுடைய கெட்டிலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறான். அவனை எழுது. அவனை ஆடு. அவன் அக்கார்டியன் வாசிக்கட்டும், அழட்டும். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறேன். இதற்கு நான் அனுமதி கேட்கவில்லை என்பதையும் குறித்துக்கொள். குதிரைவண்டி மெட்டின் இரண்டாம் பாதியை இங்கே வந்து கற்றுக்கொள், கேசட்டில் அனுப்புவதாக இல்லை.

ஜூனில் வா, சின்ன மீன்கள் முட்டையிடக் கூட்டம் கூட்டமாகக் கரைக்கு வரும் சமயத்தில். ஏன் ஜூன் என்று சொல்லிவிடுகிறேன். மூன்றாவது தடவை நடந்து முடித்து, மூச்சு வாங்கக் கதவோரம் நின்றேன். போன்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து, எல்லோர் முன்னாலும், "லொரெட்டா, இப்பவாவது என்னைக் கட்டிக்கிறியா?" என்றான். நான் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் கவனித்தேன், மூச்சு உள்ளே போயிருந்தது.

அடுப்படி நிறைய ஆட்கள், தம்பி. டெஸ்ஸியைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்த அதே ஆட்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

உன் அன்பு அக்கா,
லொரெட்டா